டிமோனாவின் கணக்கை எழுதிய பேராசிரியர்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இஸ்ரேலிடம் அணுகுண்டு இருக்கிறதா என்று உங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'இருக்கிறது' என்று சொல்வீர்கள். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்? 'அதுதான் எல்லோருக்கும் தெரியுமே!' என்பீர்கள். வணிகப் பெருமக்களிடம் கேட்கிறேன். கடன் வாங்கியவன் வாங்கவே இல்லை என்று சாதிக்கும்போது, 'ஊருக்கே தெரியும்' என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற்றவர் யாராவது இந்தச் சபையில் உண்டா? சீட்டு வேண்டும். கையெழுத்து வேண்டும். தேதி வேண்டும். அது இல்லாவிட்டால் உண்மையே உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு நிற்காது.

இஸ்ரேலின் அணுகுண்டு விஷயத்தில் அந்தச் சீட்டையும் கையெழுத்தையும் தேதியையும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி எடுத்துக் கோர்த்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் அவ்னர் கோஹென். இஸ்ரேலியர், யூதர். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். பிறகு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மான்டரேயில் உள்ள மிடில்பரி கல்வி நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

'பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுக்கும் மேடையில் ஓர் இஸ்ரேலியப் பேராசிரியரின் வரலாறு எதற்கு?' என்று சில தம்பிமார்களின் முகம் கேட்கிறது. பொறுத்துக் கேளுங்கள். ஓர் அரசு செய்யும் அக்கிரமத்தை அந்த அரசின் குடிமகனே தாளும் கையுமாக நின்று கேட்கும்போது அதற்கு இருக்கிற பலம், வெளியில் நின்று நாம் போடும் ஆயிரம் கோஷத்துக்கு இல்லை.

தத்துவத்திலிருந்து அணுகுண்டுக்கு

கோஹென் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் முனைவர் பட்டம் பெற்றவர். இராணுவத்தானும் அல்ல, அணு விஞ்ஞானியும் அல்ல. மனிதகுலத்தையே அழிக்கும் ஆயுதத்தை ஒரு நாடு வைத்திருப்பது தர்மமா என்ற கேள்வி வழியாகத்தான் இந்தத் துறைக்குள் வருகிறார். அணு ஆயுதமும் மனிதகுலத்தின் எதிர்காலமும் என்ற பொருளில் ஸ்டீவன் லீ என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த நூல் 1986இல் வெளிவந்தது.

அதே 1986, அக்டோபர் 5. லண்டன் 'சண்டே டைம்ஸ்' ஏட்டில் ஒரு செய்தி வந்து உலகத்தை உலுக்கியது. நெகேவ் பாலைவனத்து டிமோனா அணு உலையில் வேலை பார்த்த மொர்தெகாய் வனூனு என்ற தொழில்நுட்பப் பணியாளர், அங்கே பூமிக்கடியில் புளூட்டோனியம் பிரித்தெடுக்கப்படுவதைப் புகைப்படங்களோடு அம்பலப்படுத்தினார். செய்தி அச்சாகும் முன்பே மொஸாத் அவரை ரோம் நகருக்கு வரவழைத்துக் கடத்திவிட்டது. 18 ஆண்டு சிறை. அதில் பதினோரு ஆண்டுக்கு மேல் தனிமைச் சிறை. 2004இல்தான் வெளியே வந்தார்.

வனூனு உள்ளே இருந்து பார்த்ததைச் சொன்னவர். அவருடைய துணிச்சலுக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் அவர் காட்டியது இருக்கும் சரக்கை மட்டும்தான். அந்தச் சரக்கு எப்போது வந்தது, யார் கொடுத்தார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கணக்கு எழுதப்படாமலேயே கிடந்தது. அந்தப் பேரேட்டை எழுத உட்கார்ந்தவர்தான் கோஹென்.

இஸ்ரேலில் ஒரு வழக்கம் உண்டு. அணுகுண்டைப் பற்றி எதை எழுதினாலும் இராணுவத் தணிக்கை அதிகாரியிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அங்குள்ள பத்திரிகைகள் தங்கள் நாட்டு குண்டைப் பற்றி எழுதும்போதுகூட 'வெளிநாட்டுச் செய்திகளின்படி' என்று ஒரு வால் சேர்த்துத்தான் எழுதும். தன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கிணற்றைப் பற்றி அடுத்த ஊர்க்காரன் சொன்னதாகச் சொல்வது போன்ற வேடிக்கை இது! 1990களின் முற்பகுதியில் கோஹென் தன் ஆய்வைத் தணிக்கையிடம் கொடுத்தார். இந்த வரியை நீக்கு, அந்தப் பக்கத்தை மாற்று என்றெல்லாம் சொல்லவில்லை. ஒட்டுமொத்தமாகத் தடை செய்தார்கள். நீதிமன்றம் வரை போனார். அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதினார். தணிக்கைக்குக் கொடுக்காமலேயே 1998இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 'இஸ்ரேலும் குண்டும்' என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய நூலை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டிகள், ரகசியம் நீக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஆவணங்கள். எல்லாவற்றுக்கும் எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, யார் எழுதியது என்ற குறிப்பு உண்டு.

துணி ஆலையாக இருந்த அணு உலை

அவரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் வெளியே கொண்டுவந்த விவரங்களில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1957இல் பிரான்ஸோடு ஒப்பந்தம். அணு உலையும் அதோடு சேர்ந்த மற்றவையும் பிரான்ஸ் கொடுத்தது. கன நீர் நார்வேயிலிருந்து, 20 டன், 1959இல். யுரேனியச் சரக்கு 80 முதல் 100 டன் வரை 1963-64இல் அர்ஜென்டினாவிடம் வாங்கப்பட்டது. 1960இல் அமெரிக்கத் தூதர் ஹெலிகாப்டரில் போகும்போது கீழே எழும்பி நிற்கும் கட்டடத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டிருக்கிறார். துணி ஆலை என்று பதில் வந்தது. துணி ஆலை! இங்கே ஜவுளி வியாபாரிகள் இருக்கிறீர்கள். உங்கள் மில்லுக்கு எப்போதாவது கன நீர் தேவைப்பட்டதுண்டா? அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே கசிந்த பிறகு, பிரதமர் பென் குரியன் தம் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது அமைதிப் பணிக்கான ஆராய்ச்சி உலை என்றார்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி இதை நம்பவில்லை. 1963இல் அவர் எழுதிய கடிதங்களை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜூன் மாதம் பென் குரியன் பதவி விலகினார். அவருக்கு அடுத்து வந்த லெவி எஷ்கோல் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நாள்கூட நன்றாக ஆகவில்லை. ஜூலை 5ஆம் தேதி கென்னடியின் கடிதம் வந்துவிட்டது. டிமோனாவை முறையாகச் சோதிக்க விடாவிட்டால் அமெரிக்க ஆதரவே ஆட்டம் கண்டுவிடும் என்ற கடுமை அதில் இருந்தது. 'அமெரிக்கா எப்போதும் இஸ்ரேல் சொன்னபடி ஆடும்' என்று மேடைகளில் பேசுகிறோமே, இந்தக் கடிதத்தை அவர்கள் முன்னே யார் வைப்பது? அன்றைய வாஷிங்டன் வேறு, பிறகு வந்த வாஷிங்டன் வேறு. எந்தத் தேதியில் மாறியது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்த நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

சோதனை நடக்காமல் இல்லை. 1964 முதல் 1969 வரை அமெரிக்க நிபுணர்கள் டிமோனாவுக்குப் போய் வந்தார்கள். கடைக்கு வரும் அதிகாரியை முன்கட்டில் உட்கார வைத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, கிட்டங்கிக் கதவுப் பக்கமே போகாமல் பார்த்து அனுப்புவது போல அவர்களையும் அனுப்பி வைத்தார்கள். பூமிக்கடியில் இருந்த பிரிப்பு ஆலை அவர்கள் கண்ணில் படவே இல்லை. குண்டு தயாரிப்புக்குச் சான்று இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு சொல்லுக்கு இத்தனை விளக்கமா?

நான் மதரஸாவில் மன்திக் படித்தவன். ஒரு வார்த்தைக்கு வரையறை சொல்வதில் உஸ்தாதுகள் எங்களை வறுத்தெடுப்பார்கள். அந்தப் பழக்கத்தால், இந்த ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1968 நவம்பர் மாதத்துப் பேச்சுக் குறிப்பு ஒன்றுதான்.

இஸ்ரேலின் பழைய பல்லவி உங்களுக்குத் தெரியும்: மத்தியக் கிழக்கில் அணு ஆயுதத்தை முதலில் அறிமுகப்படுத்தும் நாடாக நாங்கள் இருக்க மாட்டோம். 1963இலேயே ஷிமோன் பெரஸ் கென்னடியிடம் சொன்ன வாசகம் இது. 1968இல் இஸ்ரேலுக்கு 50 ஃபேண்டம் போர் விமானங்கள் வேண்டும். அதற்கான பேச்சு நடக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பால் வார்ன்கே, இஸ்ரேல் தூதர் ராபினைப் பார்த்துக் கேட்கிறார்: 'அறிமுகப்படுத்துவது' என்றால் உங்கள் அகராதியில் என்ன பொருள்? ராபின் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: இந்த ஆயுதத்தில் அனுபவம் உள்ளவர்கள் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள்! இழுபறிக்குப் பிறகு வெளியே வந்த விளக்கம் இதுதான். வெடித்துச் சோதிக்காத, வெளியே அறிவிக்காத குண்டு 'அறிமுகமான' குண்டு ஆகாதாம். கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும், கடைவாசலில் பலகை மாட்டாத வரை அந்தச் சரக்கு இல்லை என்று பொருள்! பொருள் அங்கே இருந்தாலே அறிமுகமாகிவிட்டது என்பது வார்ன்கேயின் வாதம். சரியான வாதம். ஆனாலும் விமானங்கள் போய்ச் சேர்ந்தன.

மறு ஆண்டு, 1969 செப்டம்பர் 26. நிக்ஸனும் கோல்டா மேயரும் வெள்ளை மாளிகையில் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்பதற்கு எழுத்து மூலமான பதிவு எதுவும் வெளிவரவில்லை. கோஹென் செய்தது என்ன? அதற்கு முன்பு கிஸ்ஸிஞ்சர் எழுதிய குறிப்புகளையும், அதற்குப் பின் நடந்தவற்றையும் அடுக்கிப் பார்த்தார். வில்லியம் பர் என்பவரோடு சேர்ந்து 2006இல் வெளியிட்டார். இஸ்ரேலிடம் குண்டு இருப்பது உலகறிந்த உண்மையாக நிலைபெறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற இடத்துக்கு அமெரிக்கா இறங்கி வந்திருந்தது. டிமோனா சோதனைகள் நின்றன. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்ற நெருக்கடி நின்றது. பதிலுக்கு இஸ்ரேல் சோதிக்காது, சொல்லாது. கென்னடியின் வாஷிங்டன் மாறிய தேதி எது என்று கேட்டேனே, இதுதான்.

இந்த மூடுமந்திரத்துக்கு ஹீப்ரு மொழியில் 'அமிமுத்' என்று பெயர். நம் நாடும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆனால் 1974இலும் 1998இலும் வெடித்துக் காட்டி, ஆமாம், வெடித்தோம் என்று சொன்னது. பாகிஸ்தானும் 1998இல் சொன்னது. அது நல்லதா கெட்டதா என்று வாதாட இடம் இருக்கிறது. சொல்லாத நாட்டோடு எதை வாதாடுவது? 1974இல் எகிப்தும், அன்று ஷாவின் ஆட்சியில் இருந்த ஈரானும், மத்தியக் கிழக்கை அணு ஆயுதமற்ற பகுதியாக்க வேண்டும் என்று ஐ.நா. சபையில் கோரிக்கை வைத்தன. இருப்பு இல்லை என்று சொல்பவனிடம் இருப்பைக் குறை என்று எப்படிப் பேரம் பேசுவது?

நம் ஆள் அல்ல

நூல் வந்த பிறகு இஸ்ரேலுக்கு அவர் 2001 மார்ச்சில்தான் திரும்பிப் போனார். போலீஸ் விசாரணை அவருக்காகக் காத்திருந்தது. மணிக்கணக்கில், பல அமர்வுகளாக விசாரித்தார்கள். வழக்குத் தொடுக்க அவர்களால் முடியவில்லை. அதே மாதத்தில், கோஹெனுக்குப் பேட்டி தந்திருந்த யிட்ஸாக் யாகோவ் என்ற ஓய்வு பெற்ற பிரிகேடியர் ஜெனரலைக் கைது செய்தார்கள். முதிய வயதில் அவர் மீது வழக்கு நடந்து, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதைக் கேட்டதும் கோஹென் நம் தரப்பு ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். 2010இல் அவர் எழுதிய இரண்டாவது பெரிய நூலில் தம் நிலையைத் தெளிவாக வைத்திருக்கிறார். இஸ்ரேல் குண்டைக் கைவிட வேண்டும் என்பது அவருடைய வாதம் அல்ல. தொடக்கக் காலத்தில் இந்த மூடுமந்திரத்தால் நன்மைகூட இருந்தது என்கிறார். அவருடைய சண்டை வேறு: காலம் கடந்துவிட்டது, ஒப்புக்கொள், ஜனநாயக நாட்டில் இவ்வளவு பெரிய விஷயத்தை மக்களிடமிருந்து மறைக்க எவருக்கும் உரிமை இல்லை, சட்டத்துக்கும் மக்கள் மன்றத்துக்கும் உட்பட்டதாக ஆக்கு. நாம் இங்கே அவரிடமிருந்து பிரிகிறோம். ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் குண்டு நியாயமாகிவிடாது. பெண்களையும் குழந்தைகளையும் பிரித்தறியாமல் எரிக்கும் ஆயுதம் யார் கையில் இருந்தாலும் ஆகாது. பெயரில் இஸ்லாம் இருக்கும் நாட்டின் கையில் இருந்தாலும் ஆகாது. இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஆனால் அவர் கேட்கும் உரிமையின் மதிப்பைக் குறைத்துப் பார்க்காதீர்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் அணு ஆயுதம் பற்றி முதல் பகிரங்க விவாதம் நடந்தது. அதைக் கொண்டுவந்தவர் இஸ்ஸாம் மக்கூல் என்ற அரபு உறுப்பினர். கூச்சலுக்கும் வெளிநடப்புக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. குண்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, ஒரு மணி நேரம்!

யார் சொன்னார்? யாரிடம் கேட்டார்?

ஆலிம்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு செய்தி வந்தால் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்று பார்ப்பது நமக்குப் புதிது அல்ல. 1973 போரைப் பற்றி கோஹென் வெளியிட்ட ஒரு சாட்சியத்தைக் கேளுங்கள். அக்டோபர் 7, போரின் இரண்டாம் நாள். எகிப்தியப் படைகள் கால்வாயைக் கடந்துவிட்டன. கோல்டா மேயரின் அறையில் கூட்டம் முடியும் நேரத்தில் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான், அணு ஆயுத பலத்தைக் காட்டுவதற்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்றார். அமைச்சர்கள் கலீலியும் அலோனும் மறுத்தார்கள். மேயரும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

இதைச் சொன்னவர் அர்னான் அசர்யாஹு, கலீலியின் உதவியாளர். 2008இல் கோஹெனிடம் சொன்னார்; 2013இல் வெளிவந்தது. அசர்யாஹு அந்த அறைக்குள் இருந்தாரா? இல்லை. வெளியே நின்றார். வெளியே வந்த கலீலி சொல்லக் கேட்டார். இந்த விவரத்தை மறைத்திருந்தால் கதைக்கு இன்னும் சூடு ஏறியிருக்கும். மறைக்கவில்லை. தொடரில் எத்தனை கண்ணி இருக்கிறது என்பதை வாசகனுக்குக் காட்டினார்.

அந்தப் பழைய ஜெனரல் யாகோவின் கதையும் அப்படித்தான். 1999, 2000 ஆண்டுகளில் அவர் சொன்னதைக் கோஹென் பதிவு செய்து வைத்திருந்தார். யாகோவ் 2013இல் இறந்தார். 2017இல், 1967 போரின் ஐம்பதாம் ஆண்டில்தான் அது வெளிவந்தது. போர் கைமீறிப் போனால் சினாயில் ஒரு மலை உச்சியில் அணு சாதனத்தை வெடித்து அரபு நாடுகளை மிரட்ட வேண்டும் என்ற திட்டம் அது. பெயர் ஷிம்ஷோன். போர் ஆறே நாளில் முடிந்ததால் தேவைப்படவில்லை. கையில் கிடைத்த பரபரப்பை ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் வாய் திறக்காமல் வைத்திருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? நமக்கு மாலையில் வந்த செய்தி இரவுக்குள் நான்கு ஊர் போய்ச் சேர வேண்டும்!

நம் துண்டுப் பிரசுரங்களைப் பாருங்கள். இஸ்ரேலிடம் எத்தனை குண்டு என்று ஒருவர் ஓர் எண் எழுதுகிறார். அடுத்த ஊர்க்காரர் அதை இரட்டிப்பாக்குகிறார். ஸ்டாக்ஹோமில் உள்ள ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 90. அதுவும் மதிப்பீடுதான். தொண்ணூறு போதாதா நமக்கு? அதை ஏன் ஊத வேண்டும்? ஊதிய எண்ணை ஒருவன் உடைத்துவிட்டால், நாம் சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்து உடைகிறது.

2023 நவம்பரில் காஸாவில் குண்டுமழை பெய்துகொண்டிருந்தபோது, அமிஹாய் எலியாஹு என்ற இஸ்ரேலிய அமைச்சர் வானொலிப் பேட்டியில், காஸா மீது அணுகுண்டு போடுவதும் ஒரு வழி என்ற கருத்தில் பேசினார். நெதன்யாஹு அவரை அமைச்சரவைக் கூட்டங்களில் கலந்துகொள்ளாமல் நிறுத்திவைத்தார். இல்லாத குண்டை எப்படியப்பா போடுவாய் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை! 2025 ஜூனில் இஸ்ரேலும், அடுத்து அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கின. ஈரான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு. தாக்கிய இஸ்ரேல் கையெழுத்திடாத நாடு. இந்த அநீதியைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும், உரக்கப் பேச வேண்டும். ஆனால் பேசும்போது, 1969 செப்டம்பர் 26 என்ற தேதியும் வார்ன்கேயின் கேள்வியும் கையில் இருந்தால், எதிரே இருப்பவர் மழுப்ப இடம் இருக்காது.

இந்த ஆவணங்களைத் தேடி நாம் டெல் அவிவுக்குப் போக வேண்டியதில்லை. வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம், பர்ரும் கோஹெனும் தொகுத்தவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. 1968 நவம்பர் பேச்சுக் குறிப்பைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். ஆங்கிலம் தெரிந்த இரண்டு தம்பிமார் வேண்டும். சட்டம் படிப்பவராக ஒருவர் இருந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் வந்து பெயர் கொடுங்கள்.